பழைய கார் இன்ஜினில் ஆயில் மண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைத் திறந்தால், வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். என் 1968 அம்பாசிடரில் முதல்முறை திறந்தபோது தெரிந்தது, கருப்பட்டி அல்வா கிண்டி ஆறவைத்த சட்டி. அப்பா ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு ஏழு வருடம் திருப்பரங்குன்றத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் முறைதான் ஒழுங்காக முடிந்தது. அதன் பிறகு அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் கீழே இருப்பவை. எல்லாமே பெட்ரோல் இன்ஜினைப் பற்றியவை. டீசல் அம்பாசிடர் கதை வேறு.

மண்டி என்று எதைச் சொல்கிறீர்கள்? அது எங்கிருந்து வருகிறது?

எண்ணெய்ச் சட்டியிலும் காபி டபராவிலும் அடியில் தங்குவதை மண்டி என்கிறோம் இல்லையா, அதுவேதான். கெட்டுப்போன ஆயில், புகைக்கரி, எரியாத பெட்ரோல், தண்ணீர், கொஞ்சம் இரும்புத்தூள் எல்லாம் சேர்ந்து குழைந்த கறுப்புக் கூழ்.

தண்ணீர் எப்படி வரும் என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தால் அந்த ஆவி, இன்ஜின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாக வெளியேறும். சூடாகாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து சொட்டி ஆயிலோடு கலந்துவிடும். இன்றைய கார்களில் இந்த ஆவியை உறிஞ்சி மறுபடி எரிக்க பிசிவி வால்வு இருக்கிறது. அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில் கீழ்நோக்கித் தொங்கும் ஒரு குழாய் மட்டும்தான். வண்டி வேகமாக ஓடினால்தான் அந்தக் குழாய் ஆவியை இழுக்கும். கொட்டகையில் நிறுத்திவைத்து வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறோமே, அதைவிட மண்டி சேர்க்கச் சிறந்த வழி கிடையாது. நானும் ஏழு வருடம் அதைத்தான் செய்தேன்.

மதுரை வெயிலில்கூடவா இன்ஜின் சூடாகாமல் இருக்கும்?

இருக்கும். சித்திரை மாதம் 40 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். உள்ளே தண்ணீர் 80 டிகிரிக்குப் பக்கம் போக வேண்டும். ஆயிலும் அதற்கு நெருங்கி வந்தால்தான் ஈரம் ஆவியாகும். சிம்மக்கல்லுக்கும் கீழவாசலுக்கும் போய்வருகிற தூரத்தில் ஆயில் அந்தச் சூட்டை எட்டாது.

இதில் நம்மூர் வழக்கம் ஒன்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறது. "ஊர் வெயிலுக்கு எதுக்குண்ணே இது" என்று, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பழைய அம்பாசிடரில் பாதிக்கு மேல் அது இருக்காது என்றே நான் நினைத்துக்கொள்வேன். அது இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும். நெடுஞ்சாலையில் காற்றுப் பட்டால் மறுபடி குளிர்ந்துவிடும். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வண்டி கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைச் சரிசெய்ய வேண்டும், தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியக் கூடாது.

என் இன்ஜினில் மண்டி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு தெரிந்தால் நல்லது. பழுப்பாக மெல்லிய படலம் இருந்தால் வயதுக்குரியது, பயப்பட வேண்டாம். கறுப்பாகத் தடித்து, விரல் வைத்தால் அச்சு விழுகிறது என்றால் வேலை இருக்கிறது.

இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. ஆயிலை வடித்த பிறகு, சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியை வளைத்து வடிகால் துளைக்குள் விட்டு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் தரையைச் சுரண்டுங்கள். இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டால் அடி சுத்தம். சத்தமே இல்லாமல் களிமண்ணில் குச்சி போவதுபோல் போனால், சம்ப்பைக் கழற்றாமல் தப்பிக்க முடியாது. என் வண்டியில் ஸ்போக் அரை அங்குலம் புதைந்தது.

ஆயில் பிரஷர் விளக்கு ஸ்டார்ட் செய்த பிறகும் சில விநாடி அணைய மறுப்பது, சூடானபின் ஐடிலில் மினுக்குவது ஆகியவையும் அறிகுறிதான். ஆனால் பேரிங் தேய்ந்தாலும் அப்படித்தான் ஆகும். விளக்கை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம்.

மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அந்தப் பேக்கிங் போனால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கும், அதனால்தான் இந்தப் பயம். ஆனால் அவசரப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்திவைத்த வண்டி எதிலும் இந்த வெளிர்மஞ்சள் நுரையைப் பார்க்கலாம். முதலில் துடைத்துவிட்டு மேலூர் வரை ஒருநடை ஓட்டிவிட்டு வாருங்கள். போக வர அறுபது கிலோமீட்டர் ஆகும். திரும்பிவந்தபின் நுரை இல்லையென்றால் அது வெறும் ஈரம்.

மறுபடி வந்தால், ரேடியேட்டரில் தண்ணீரும் காரணமில்லாமல் குறைந்தால், கவலைப்பட வேண்டியதுதான். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் இளக்கிவிடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், முதலில் சொட்டுவது அதுதான். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துப் பழைய கரண்டியில் விட்டுச் சூடு காட்டினாலும் தெரியும்: ஈரமிருந்தால் தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல் சடசடக்கும். வாசலில் வைத்துச் செய்யுங்கள். அந்தக் கரண்டி அப்புறம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அது வேறு நோய். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்குகிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் டயாஃப்ரம் சீக்கிரம் கெடுகிறது. எத்தனால் தாங்கும் டயாஃப்ரமாகப் பார்த்து மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

ஆயிலோடு டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து ஓட்டிக் கழுவலாமா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். நான் கையைச் சுட்டுக்கொண்டதும் இதில்தான்.

ஒரு பட்டறையில் இரண்டு லிட்டர் பழைய ஆயிலை வடித்துவிட்டு இரண்டு லிட்டர் டீசல் ஊற்றினார்கள். கால் மணிநேரம் ஐடிலில் ஓடியது. வடித்தபோது மைபோல் கறுப்பாக வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு" என்றார்கள். எனக்கும் மனம் குளிர்ந்தது. புது ஆயில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் அழகர்கோவில் சாலையில் பிரஷர் விளக்கு மினுக்கியது. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் அடியிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம். சம்ப்பைக் கழற்றியபோது, ஆயில் பம்புக்கு ஆயில் போகும் சல்லடையின் மேல் கறுப்பு ரொட்டிபோல ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிக் எண்ட் பேரிங்கில் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கடைந்து, மெலிந்த தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். டீசல் மண்டியை முழுதாகக் கரைக்கவில்லை. மூலைகளில் ஒட்டிச் சும்மா கிடந்ததை ஊறவைத்து, பெயர்த்து, துண்டு துண்டாகச் சம்ப்புக்குள் தள்ளிவிட்டது. வடிந்து வந்த கறுப்புத் தண்ணீர் அதில் கால்பங்குகூட இருக்காது. மிச்சம் சல்லடைக்குப் போய்ச் சேர்ந்தது. மேலும், டீசல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு குறைவு. அது ஓடும் நேரம் முழுக்கப் பேரிங்குகள் அரைப்பட்டினி.

மண்டி ஒட்டியிருக்கும் இடத்தில் இருக்கும்வரை இன்ஜின் எப்படியோ ஓடிவிடும். அது நகர ஆரம்பித்தால்தான் ஆபத்து. ஆகவே கரைத்து ஓடவிடாதீர்கள். திறந்து, கையால் அள்ளி வெளியே எடுங்கள்.

பெட்ரோலால் கழுவலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: வேண்டவே வேண்டாம். மூடிய கொட்டகையில் அதன் ஆவிக்கு ஒரு சுவிட்ச் பொறி போதும்.

கடையில் டப்பாவில் விற்கும் இன்ஜின் ஃப்ளஷ்?

ஏற்கனவே ஓரளவு சுத்தமாக இருக்கும் புதிய இன்ஜினுக்குச் சரி. நாற்பது வருட மண்டிக்கு மேலே சொன்ன கதைதான் நடக்கும்.

சரி, கையால் எப்படிச் சுத்தம் செய்வது?

இரண்டு நாள் ஒதுக்குங்கள். மேலிருந்து கீழாக வர வேண்டும். சம்ப் கடைசியில்தான், மேலே சுரண்டுவதெல்லாம் அங்கேதான் விழும்.

முந்தின நாள் வண்டியை மிதமாகச் சூடாக்கி ஆயிலை வடித்துவிட்டு இரவு முழுக்க வடியவிடுங்கள். மறுநாள் காலை டேப்பட் கவர். கவரைத் தனியே எடுத்து டீசலில் ஊறப்போடலாம், அதில் பயமில்லை. ஹெட்டின் மேல் இருப்பதைத்தான் நிதானமாக எடுக்க வேண்டும். புஷ்ராட் துளைகளையும், ஆயில் கீழே இறங்கும் வழிகளையும் பனியன் துணியால் அடையுங்கள். எத்தனை துண்டு அடைத்தீர்கள் என்று எண்ணிச் சுவரில் எழுதிவையுங்கள். நான் பதினொன்று அடைத்துப் பத்து எடுத்து, பதினொன்றாவதைத் தேடி அரைமணிநேரம் வியர்த்திருக்கிறேன். நூல் நூலாக வரும் காட்டன் வேஸ்ட்டை இன்ஜின் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரு நூல் போதும், சல்லடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அள்ளுவதற்கு ஐஸ் குச்சியும் பழைய டீஸ்பூனும் போதும். கூரான உலோகத் தகடு ஹெட்டில் கீறல் போடும். முக்கால்வாசியைக் காய்ந்தபடியே அள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் டீசலில் நனைத்த டூத் பிரஷ். பிரஷ்ஷை உதறிவிட்டுத் தொடுங்கள், சொட்டச் சொட்ட வேண்டாம்.

அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினில் பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு தகட்டு மூடிகள் இருக்கும். கேம்ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து புஷ்ராடுகளைத் தள்ளும் டேப்பட்டுகள் இருக்கும் அறை அது. பிரீதர் குழாயும் அங்கிருந்துதான் வருகிறது. ஆவி போகும் வழி என்பதால் மண்டி அங்கேதான் தடிமனாகப் படியும். என் வண்டியில் அந்த இரண்டு மூடிக்குள்ளிருந்து மட்டும் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைந்தது. பிரீதர் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இன்ஜின் எல்லா மூட்டிலும் ஆயில் கசியும்.

அப்புறம் சம்ப். சில மாடல்களில் இன்ஜினை மவுண்டிங்கிலிருந்து சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். சம்ப்பைக் கழுவுவது எளிது. சல்லடைதான் முக்கியம்: கழற்றி டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் வெளிச்சம் தெரிய வேண்டும்.

பழைய ஃபில்டர் கிண்ண மாடல் என்றால், கிண்ணத்தின் அடியையும் சுரண்டுங்கள். மேலே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் கிளறி எடுங்கள். பழைய வளையம் இறுகி இரும்பைப் போலவே இருக்கும். அதைப் பார்க்காமல் மேலேயே புதியதை வைத்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது புது கார்க் பேக்கிங் போடுங்கள். அனபாண்ட் மாதிரிப் பசையை மெல்லிய கோடாக மட்டும். வெளியே பிதுங்கினால் அழகுதான் கெடும். உள்ளே பிதுங்கினால் பிய்ந்து சல்லடைக்குப் போகும்.

ஆயில் ஊற்றியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டோ, செல்ஃப் போட்டோ, பிரஷர் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகு இன்ஜின் ஓடட்டும்.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யலாமா?

செய்தால் நல்லது. ராக்கர்களுக்கு ஆயில் ஏறுவது ஒரே ஒரு தாங்கியில் இருக்கும் சிறு துளை வழியாக. அது அடைத்தால் மேலே எல்லாம் வறண்டுவிடும். ஆனால் அம்பாசிடர்காரர்கள் கவனிக்க வேண்டும். ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் பிடித்திருப்பவை. அவற்றை மட்டும் இளக்கினால் ஹெட் ஒருபக்கமாக இழுபடும், கேஸ்கெட்டும் கசியத் தொடங்கும். தண்ணீரை வடித்து, எல்லா ஹெட் நட்டுகளையும் உரிய வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நட்டை அளந்த விசையில் முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இதைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

இன்ஜினை இறக்கிக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால்?

சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கும் முழு ரீபோர் வேலைக்கு இறக்கியிருந்தால், வார்ப்பிரும்பு பிளாக்குக்குச் செய்யலாம். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துத் தின்றுவிடும். ஃபியட் 1100, பத்மினி ஹெட் அலுமினியம். பட்டறையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சம்ப்பைக் கழற்ற வசதியில்லை. வேறு வழி?

பொறுமை இருந்தால் உண்டு. மேலேயும் பக்க மூடிகளிலும் கையால் அள்ளிவிட்டு, சாதாரண நல்ல ஆயில் ஊற்றி 300 கிலோமீட்டரில் மாற்றுங்கள், அடுத்தது 500இல், அதற்கடுத்தது 1000இல். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயிலில் இருக்கும் சலவைப் பொருள் மண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும். ஸ்போக் அரை அங்குலம் புதைகிற சம்ப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த ஆயில் ஊற்றுவது? பழைய இன்ஜினுக்கு டிடர்ஜென்ட் ஆயில் ஆகாது என்கிறார்களே?

அந்தப் பேச்சில் பாதி உண்மை. பல வருடம் சலவைப் பொருளே இல்லாத ஆயிலில் ஓடி மண்டி கட்டிய இன்ஜினில் திடீரென்று நல்ல ஆயிலை ஊற்றி நெடுந்தூரம் ஓட்டினால், மண்டி பெயரும் அபாயம் உண்டு. கையால் சுத்தம் செய்தபின் அந்தப் பயம் இல்லை.

நான் போடுவது 20டபிள்யூ-50 மினரல் ஆயில். இந்த இன்ஜின்களின் கேம்ஷாஃப்டுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புப் பொருள் தேவை. இன்றைய மெல்லிய ஆயில்களில், சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரசுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்களுக்கு அந்த வரம்பு கிடையாது. டப்பாவின் பின்பக்கம் தரக்குறியீடாக ஏபிஐ எஸ்ஏ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அதில் மண்டியைத் தடுக்க எதுவும் இல்லை.

சுத்தம் செய்த பிறகு புதிதாக ஒழுகுகிறது!

மண்டியே சில இடங்களில் பேக்கிங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். பேக்கிங் மாற்றினால் நின்றுவிடும். பின்பக்கம், கிளட்ச் மூடிக்கு அடியில் சொட்டினால் அவ்வளவு எளிதில்லை. அம்பாசிடரின் பழைய இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பியனுப்பும் மரையோட்டம் மட்டும்தான். இரவுக்கு நாலைந்து சொட்டு என்றால் அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

இன்ஜினின் வெளிப்பக்கம்?

ஆயிலும் தூசியும் சேர்ந்த மேலோடு அது. டீசலும் பிரஷ்ஷும், பிறகு சோப்புத் தண்ணீர். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் விடுவதென்றால் இன்ஜின் ஆறிய பிறகு. கொதிக்கும் மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

இப்படிச் சுத்தம் செய்தால் விண்டேஜ் பதிவுக்குப் பாதிப்பு வருமா?

வராது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021 விதிப்படி அந்தப் பதிவு கிடைக்கும். எண் பலகையில் விஏ என்று வரும். உள்ளே அழுக்கு எடுப்பது மாற்றத்தில் சேராது.

அள்ளிய மண்டியையும் பழைய ஆயிலையும் என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது கடைசியில் வைகைக்குத்தான் போகும். கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் பட்டறையாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். கரையானுக்கு என்று வேலிக்காலில் பூசும் பழக்கம் எங்கள் தெருவிலும் உண்டு. கிணறு பக்கத்தில் இருந்தால் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுதாக நின்றது 2000 பிப்ரவரியில். அதற்கு முன்பிருந்து திறக்காத இன்ஜின் என்றால், மண்டியில் ஈயமும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடாமல் தொடாதீர்கள், அதை எரிக்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வேலை முடிந்து கை கழுவாமல் டீ குடிக்கப் போகாதீர்கள்.

மறுபடி சேராமல் இருக்க?

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். பிரீதரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வண்டி சூடேறியதும், ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை உள்ளே தள்ள மறக்காதீர்கள். 3000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலோ அப்போது ஆயில் மாற்றுங்கள். வாரம் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவதை நிறுத்திவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் ஓட்டுங்கள். நான் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி அழகர்கோவில் போய், மலையடியில் ஒரு டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். போன மாதம் டேப்பட் கவரைத் திறந்தபோது ராக்கர் எட்டும் தெரிந்தன.